ஐசியூவிலிருந்து வீடு திரும்பியவரின் தொடைகள்: ஓய்வா, வீட்டுப் பயிற்சியா, மறுவாழ்வு மையமா?

கடுமையான நிமோனியாவுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வாரம் இருந்து மீண்ட ஒருவரை வீட்டுக்கு அழைத்துவரும் நாளில் குடும்பத்தாரிடம் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில், நெஞ்சு எக்ஸ்ரே எப்படி இருக்கிறது, எந்த மாத்திரை எத்தனை நாளைக்கு, இன்ஹேலரை எப்படி இழுப்பது, அடுத்த பரிசோதனைக்கு எப்போது வருவது என்பன எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அவரால் கழிப்பறையிலிருந்து தானாக எழுந்துவர முடியுமா என்பது மட்டும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. அது வீட்டுக்கு வந்த முதல் இரவிலேயே தெரிந்துவிடும். மூச்சு சீராக இருக்கிறது, விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவு 96 என்று காட்டுகிறது, ஆனாலும் கட்டிலின் விளிம்பிலிருந்து எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில் குடும்பத்தின் முன் சில வழிகள் இருக்கின்றன. உடம்பு தானாகத் தேறட்டும் என்று ஓய்வில் விடலாம். மருத்துவமனையில் சொல்லித்தந்த பயிற்சிகளை வீட்டிலேயே செய்யவைக்கலாம். இயன்முறை மருத்துவரை வீட்டுக்கு வரவழைக்கலாம். வாரத்தில் சில நாட்கள் நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாம். இவற்றோடு பிணைந்த இன்னொரு கேள்வி, தட்டில் எதை வைப்பது என்பது. மருத்துவமனைச் செலவு ஏற்கெனவே கையைக் கடித்திருக்கும் நேரத்தில் எதற்குப் பணம் ஒதுக்குவது, எதைத் தவிர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். ஓய்வு என்ற முதல் வழிதான் இவற்றுள் செலவு மிகுந்தது என்பதும், மற்ற வழிகளுக்கிடையே உள்ள வேறுபாடு அவற்றின் கட்டண வேறுபாட்டைவிட மிகச் சிறியது என்பதும் என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, முதலில் இழந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இழந்தது எவ்வளவு?

லண்டனில் தீவிர சிகிச்சையில் இருந்த 63 நோயாளிகளின் முன்தொடைத் தசையை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்து பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. பத்தே நாட்களில் அந்தத் தசையின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஓர் உறுப்பு மட்டும் செயலிழந்தவர்களுக்கு ஒரு வாரத்தில் 3 சதவீதம் அளவுக்கே இழப்பு ஏற்பட்டிருக்க, பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு அதே ஒரு வாரத்தில் அது 16 சதவீதத்தை நெருங்கியது என்ற உட்பிரிவு முடிவுதான் நம் முடிவுக்கு அதிகம் உதவுகிறது. ஆகவே, டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, நுரையீரல் மட்டும்தான் பாதிக்கப்பட்டதா, அல்லது சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் சேர்ந்து சரிந்தனவா என்பது. இரண்டாவது வகையினருக்குக் கால்கள் தேற மாதங்கள் ஆகும் என்று முன்கூட்டியே மனத்தைத் தயார்செய்துகொள்வது நல்லது.

தசை இப்படிக் கரைவதற்குப் படுக்கை மட்டும் காரணமில்லை. கடுமையான தொற்றின்போது உடல் முழுவதும் பரவும் அழற்சி, தசைப் புரதத்தை உடைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. அதே நேரத்தில் புதிய புரதத்தைக் கட்டும் வேலை மந்தமாகிறது. போதிய உணவு உள்ளே போவதில்லை. நுரையீரலைக் காப்பாற்றக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகளுக்கும் தசையை நலிவிக்கும் குணம் உண்டு. அதற்காக அவற்றைக் கொடுத்திருக்கக் கூடாது என்று சொல்வது நன்றிகெட்டதனம், உயிர் தப்பியதில் அவற்றுக்கும் பங்கிருக்கலாம். வென்டிலேட்டர் மூச்சுவிடும் வேலையை முழுதாக ஏற்றுக்கொள்ளும்போது, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானமும் மெலிகிறது. 18 முதல் 69 மணி நேரம்வரை அவ்வாறு வேலையின்றி இருந்த உதரவிதானங்களின் தசை நார்கள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்ததை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தசையோடு நரம்பும் பாதிக்கப்படுவது உண்டு.

இந்த இழப்பு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்குக் கனடாவின் டொரன்டோ மருத்துவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வைவிடத் தெளிவான சான்று குறைவு. கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரை அவர்கள் ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவைவிட்டு வெளியே வந்தபோது அவர்கள் தம் பழைய எடையில் சராசரியாக 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். நோய்க்கு முன் 60 கிலோ இருந்த ஒருவர் 49 கிலோவாக வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் அவர்களுடைய நுரையீரலின் கொள்ளளவும் காற்றை ஊதும் திறனும் இயல்புக்குத் திரும்பிவிட்டன. ஓராண்டு முடிந்த பிறகும், ஆறு நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரம் அந்த வயதுக்காரரிடம் எதிர்பார்க்கப்படுவதில் மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. வேலைக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர். இத்தனைக்கும் அவர்களில் பலர் நாற்பதுகளில் இருந்தவர்கள்.

ஓய்வின் விலை

நம் வீடுகளில் இயல்பாகத் தேர்ந்தெடுக்கப்படுவது ஓய்வுதான். யாரும் அதை ஒரு முடிவாக எடுப்பதில்லை; அக்கறையின் பெயரால் அது தானாக நடந்துவிடுகிறது. என் தந்தை இதேபோல் வீடு திரும்பியபோது நாங்கள் செய்த முதல் காரியம், தலைப்பக்கத்தை உயர்த்தும் வசதியுள்ள மருத்துவக் கட்டிலை மாத வாடகைக்கு எடுத்தது. அது மிக வசதியாக இருந்தது, அதுதான் தவறு. சாய்ந்தபடி சாப்பிடவும், தொலைக்காட்சி பார்க்கவும், பக்கத்திலேயே சிறுநீர் கழிக்கவும் முடிந்ததால், எழுந்திருக்க வேண்டிய காரணங்களை நாங்களே ஒவ்வொன்றாக அவரிடமிருந்து பறித்துவிட்டோம். மூன்றாவது வாரத்தில் கட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பழைய மரக் கட்டிலைப் போட்ட பிறகே அவர் கூடத்துக்கு நடந்து வரத் தொடங்கினார்.

நோயே இல்லாத, சராசரியாக 67 வயதான சிலரைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள். ஆரோக்கியமான முதியவருக்கே இந்த நிலை என்றால், ஏற்கெனவே பத்துக் கிலோவை இழந்து வந்தவரை இன்னும் ஒரு மாதம் படுக்கவைப்பதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது.

ஓய்வு நோயைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கையை அசைத்த பழைய சான்று ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. காசநோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியம் என்ற தங்கும் மருத்துவமனையில் படுக்கவைப்பதே உலகெங்கும் வழக்கமாக இருந்த 1950களின் இறுதியில், மதராஸ் சேத்துப்பட்டில் நடந்த ஆய்வில், ஒரே வகை மருந்துகளை ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் இன்னொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டார்கள். சானடோரியத்தில் நல்ல உணவும் காற்றும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களோ நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு, அதிகம் நடமாடிக்கொண்டு இருந்தார்கள். 1959இல் வெளியான முடிவின்படி, வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்குக் குறிப்பிடத்தக்க அளவில் பின்தங்கவில்லை. அந்த ஆய்வு தசையை அளக்கவில்லை. தொற்று ஒழிந்ததா என்பதையே அளந்தது. ஆயினும், மருந்து வேலை செய்யும் நுரையீரல் தொற்றில் படுக்கை கூடுதலாக எதையும் தருவதில்லை என்பதை உலகுக்குச் சொன்ன ஊர்க்காரர்கள் நாம் என்பதை மறந்துவிட்டு, நெஞ்சுச் சளி என்றதும் ஆளைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறோம்.

ஓய்வே கூடாத ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. நடமாடும்போது ஆக்சிஜன் அளவு 90க்குக் கீழே இறங்குகிறவருக்கும், நெஞ்சு வலிக்கிறவருக்கும், ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலிக்கிறவருக்கும், முதலில் மருத்துவரைப் பார்ப்பதுதான் வேலை; அந்தக் கெண்டைச் சதைக்குள் ரத்தக்கட்டி இருக்கலாம். கோவிட்டுக்குப் பிறகு சிலரிடம் காணப்படுவதுபோல், சிறிது உழைத்தாலும் மறுநாள் முழுவதும் எழ முடியாமல் சாய்ந்துவிடுகிறவர்களுக்குப் பயிற்சியை ஏற்றிக்கொண்டே போவது தீங்கு. அவர்களுக்கு அளவை நன்றாகக் குறைத்து, இடைவெளி விட்டு நடத்த வேண்டும்.

எந்த இடம், யார் துணை?

ஓய்வைத் தள்ளிவிட்டால் எஞ்சுவது, பயிற்சியை எங்கே, யார் மேற்பார்வையில் செய்வது என்பது. இங்கே ஆய்வுகள் தரும் விடை, பயிற்சியை விற்பவர்கள் சொல்வதுபோல் அவ்வளவு பிரகாசமாக இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சாதகமானவற்றில் தொடங்குகிறேன். இங்கிலாந்தில் 126 பேரை வைத்து நடந்து 2003இல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சையிலிருந்து வந்தவர்களுக்கு ஆறு வாரத்துக்கான சுயபயிற்சிக் கையேடு ஒன்று கொடுக்கப்பட்டது. கையேடு பெற்றவர்களின் உடல் இயக்கம், பெறாதவர்களைவிட ஆறு மாதத்திலும் மேலாக இருந்தது. கோவிட்டுக்காக மருத்துவமனையில் இருந்து, மூன்று மாதம் கழித்தும் முழுதாகத் தேறாத 585 பேருக்கு இணையவழியில் எட்டு வாரம் குழுவாகப் பயிற்சியளித்த பிரிட்டன் ஆய்வு 2024இல் வெளியானது. அதிலும் வாழ்க்கைத் தரத்தில் சிறிதளவு, ஆனால் உறுதியான முன்னேற்றம் தெரிந்தது. இரண்டுமே மலிவான வழிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுபுறம், ஆஸ்திரேலியாவில் 195 பேரை வைத்து நடந்த ஆய்வில், பயிற்றுநர் சில முறை வீட்டுக்குச் சென்றும் தொலைபேசியில் பேசியும் எட்டு வாரம் பயிற்சி தந்தபோது, பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தேறினார்கள். ஸ்காட்லாந்தில் 240 பேருக்கு மருத்துவமனை வார்டிலேயே இயன்முறைச் சிகிச்சையையும் உணவு ஆலோசனையையும் பல மடங்கு கூட்டிக் கொடுத்த ஆய்வு 2015இல் வெளியானது. மூன்று மாதத்துக்குப் பிறகு நடமாட்டத்தில் வேறுபாடில்லை. நோயாளிகளின் மனநிறைவு மட்டும் கூடியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே வழக்கத்தைவிட முன்னதாகவும் அதிகமாகவும் எழுப்பி நடக்கவைப்பதைச் சோதித்த, 750 பேர் கொண்ட 2022ஆம் ஆண்டு ஆய்வோ, கூடுதல் பயன் இல்லை, பாதக நிகழ்வுகள் சற்றுக் கூடின என்று முடிந்தது.

இவற்றைப் படித்துவிட்டுப் பயிற்சியே வீண் என்று முடிவுக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். இந்த ஆய்வுகளில் ஒப்பிடப்பட்ட மறு பிரிவினர் படுத்துக் கிடந்தவர்கள் அல்லர். ஸ்காட்லாந்து ஆய்வு நடந்த எடின்பரோவின் வார்டில் வழக்கமான சிகிச்சை என்றாலே, இயன்முறை மருத்துவர் வந்து எழுப்பி நடக்கவைப்பது அதில் அடங்கும். நன்றாக நடக்கும் ஒன்றை இன்னும் கூட்டினால் பயன் கூடுகிறதா என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி. நம் வீடுகளில் கேள்வி வேறு: ஒன்றுமே செய்யாமலிருப்பதைவிட ஏதாவது செய்வது மேலா? அதற்குப் படுக்கை ஆய்வுகள் விடை தந்துவிட்டன. ஆகவே நான் இந்த முடிவுகளை இப்படித்தான் வாசிக்கிறேன்: எழுந்து நடமாடத் தொடங்குவது கட்டாயம், அதை விலையுயர்ந்த இடத்தில் செய்வது கட்டாயமில்லை, சிலருக்குத் தவிர.

வீட்டிலேயே தாமாகச் செய்யும் வழியின் வலிமை, அது தினமும் நடக்கக்கூடியது என்பதே. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, அமர்ந்தபடி முழங்காலை நீட்டிப் பிடித்திருப்பது, ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவது, கூடத்தில் நடப்பது ஆகிய ஐந்தும் போதும். கைகளுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இருக்கின்றன. குறைபாடு என்னவென்றால், நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். நடை மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்லது. கரைந்துபோன தொடையைத் திரும்பக் கட்ட, தசை எதிர்த்துத் தள்ளும்படியான சுமை வேண்டும். பத்து முறை எழுந்து அமர்வது எளிதாகிவிட்டால் மெதுவாக அமர வேண்டும், பிறகு மடியில் ஏதாவது எடையை வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படிப்படியான ஏற்றத்தை வீட்டார் செய்வதில்லை. பயத்தில் முதல் வாரத்தின் அளவிலேயே மாதக்கணக்கில் நிற்கிறார்கள்.

இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருவதன் மதிப்பு, முக்கியமாக அந்த ஏற்றத்தை முடிவுசெய்வதிலும், விழாமல் எழக் கற்றுக்கொடுப்பதிலும் இருக்கிறது. அதோடு அவர் வீட்டைப் பார்க்கிறார்: தரையோடு பதித்த கழிப்பறையில் குந்தி எழும் தொடை வலு இந்த மனிதருக்கு இல்லை, மேலே வைக்கும் கமோடு ஸ்டூல் வாங்குங்கள் என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் இடுப்பெலும்பு முறிவைத் தடுக்கக்கூடும். ஆனால் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் கட்டணம் உண்டு. அவர் வருகிற முக்கால் மணி நேரம்தான் பயிற்சி, மற்ற நேரம் கட்டில் என்று ஆகிவிட்டால் அந்தப் பணம் வீண். நான் பார்த்தவரையில், அவர் நோயாளியைப் படுக்கவைத்துக் கைகால்களைத் தாமே மடக்கி நீட்டிவிட்டுப் போவது, பார்க்க நிறைவாக இருந்தாலும், விழிப்போடு இருக்கும் நோயாளிக்குத் தசையைக் கட்டித் தராது. வேலையை நோயாளியின் தசை செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கான திட்டமாக மட்டுமே அதை அறிந்திருப்பவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மறுவாழ்வுப் பிரிவுக்கு வாரம் இரண்டு மூன்று முறை சென்றுவரும் வழி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முன்பே உள்ளவர்களுக்கு மற்றெல்லாவற்றையும்விட மேலானது. அவர்களுக்கு அதன் பயன் நெடுங்காலமாக நிறுவப்பட்டது. பிறருக்குப் பயணமே தடை. படியிறங்கி ஆட்டோ ஏறி, மருத்துவமனை வரிசையில் காத்திருந்து திரும்பியவர், பயிற்சிக்கு முன்பே தளர்ந்துவிடுவார். துணைக்கு ஒருவர் அரைநாள் வேலையையும் விட வேண்டும். தங்கும் மையங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மூச்சுவிடத் தொண்டையில் போட்ட துளையோடு இருப்பவர், நரம்புப் பாதிப்பால் பாதம் தொங்கிப்போனவர், இருவர் தாங்கினாலும் நிற்க முடியாதவர், வீட்டில் தூக்கிவிட ஆளில்லாதவர் ஆகியோருக்கு அவை தேவை. மற்றவருக்கு அந்தத் தொகையில் ஆறு மாதத்துக்கு முட்டையும் மீனும் இயன்முறை மருத்துவரும் கிடைப்பார்கள்.

தட்டில் என்ன?

முட்டையைச் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. தசையைக் கட்டு என்று பயிற்சி இடும் கட்டளைக்குப் புரதம்தான் செங்கல். ஒன்றில்லாமல் மற்றது வீடாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, நலமாக உள்ள ஒருவருக்கு எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். நோயுற்ற முதியவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை வேண்டும் என்பது இத்துறை வல்லுநர்களின் பரவலான கருத்து. நோய்க்கு முன் 60 கிலோ இருந்த நம் எடுத்துக்காட்டு மனிதருக்கு இது 72 முதல் 90 கிராம். நோயிலிருந்து எழுந்தவருக்கு நம் வீட்டில் கொடுப்பதோ காலையில் கஞ்சி, பதினொரு மணிக்கு ஆட்டுக்கால் சூப், மதியம் ரசம் சாதம், மாலையில் ஏதோ ஒரு சத்துமாவு பானமும் பிஸ்கட்டும், இரவு இரண்டு இட்லி. கூட்டிப் பார்த்தால் 30 கிராமைத் தாண்டினால் அதிசயம்.

சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டுக்கால் சாறு குளிர்ந்தபின் உறைந்து நிற்பதைப் பார்த்து அதில் சத்து திரண்டிருப்பதாக நம்புகிறோம். உறைவது ஜெலட்டின், தசை கட்டத் தேவையான அமினோ அமிலங்களில் சில அதில் மிகக் குறைவு, ஒன்று அறவே இல்லை. நாட்டுக்கோழியை வேகவைத்துச் சாற்றை நோயாளிக்கும் கறியைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் வீடுகளில் புரதம் பிள்ளைகளுக்குத்தான் போகிறது. கறியை மெல்ல முடியாவிட்டால் அரைத்தோ நைய நசுக்கியோ கொடுக்கலாம். முட்டை சூடு, தயிர் சளி, மீன் ஆகாது என்று பத்தியத்தின் பெயரில் விலக்கப்படுபவை யாவும் அவருக்கு இப்போது வேண்டியவையாகவே இருப்பது துரதிருஷ்டம்.

மூன்று முட்டையில் 18 கிராம், நூறு கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராம் அளவுக்கு, அரை லிட்டர் பாலும் தயிருமாக 16 கிராம், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பும் ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டலும் சேர்ந்து 14, சோறு இட்லி வகையில் ஏறத்தாழ 20 என்று தேவை நிறைந்துவிடும். சைவர்களுக்குப் பாலும் தயிரும் முக்கால் லிட்டர், பனீர் 75 கிராம், உலர்ந்த எடையில் 30 கிராம் மீல் மேக்கர், பருப்பு, சுண்டல் என்று கூட்டினால் ஏறத்தாழ அதே இடத்துக்கு வரலாம். முதிய தசை சிறு அளவுப் புரதத்துக்கு மந்தமாகவே செவிசாய்க்கும் என்பதால், எல்லாவற்றையும் மதியத்தில் குவிக்காமல், மூன்று வேளையும் 25 கிராம் அளவுக்கு வரும்படி பிரிப்பது நல்லது.

டப்பாவில் வரும் புரத மாவுக்குரிய இடம், இந்தத் தட்டை முடிக்க முடியாதவருக்கு உரியது. பசியற்றவர், தொண்டையில் குழாய் செருகியிருந்ததால் விழுங்கச் சிரமப்படுபவர் ஆகியோருக்கு ஒரு கரண்டியில் 20 கிராமுக்கு மேல் தரும் மோர்ப் புரத (வே புரோட்டீன்) மாவு உண்மையிலேயே உதவும். ஆனால் வாங்குமுன் டப்பாவைத் திருப்பி, ஒரு முறைக்கான அளவில் எத்தனை கிராம் புரதம் என்ற வரியைப் படியுங்கள். பானமாகக் கரைக்கும் சில மாவுகளில் அது இரண்டோ மூன்றோ கிராம், மீதி பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறவருக்கு மாவை நீர்க்கக் கரைத்துக் கொடுப்பது நுரையீரலுக்குள் இறங்க வழிசெய்யும்; அவருக்கு முதலில் விழுங்கும் திறன் பரிசோதனை வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர் மேலே சொன்ன கணக்கு எதையும் மருத்துவரைக் கேட்காமல் பின்பற்றக் கூடாது. அதிகம் கொடுத்தால் அதிகம் தேறும் என்பதும் சரியில்லை: தீவிர சிகிச்சையில் இருந்த 1,301 பேரில் ஒரு பிரிவினருக்குக் கிலோவுக்கு 2.2 கிராமுக்குக் குறையாமல் புரதம் கொடுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு ஆய்வில் கூடுதல் நன்மை எதுவும் இல்லை, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்குத் தீமையாக இருந்திருக்கக்கூடும் என்றும் தெரிந்தது.

காசநோயில் உணவின் முக்கியத்துவம் இன்னும் கூடுதல். ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் தரும் உணவுப் பை கொடுத்துப் பின்தொடர்ந்த ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடையே இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று தரம் பிரிக்கும் அடையாளங்களுள் துணையின்றி நிற்க இயலாமையும் ஒன்று. கால்கள் உயிரைப் பற்றி எவ்வளவு சொல்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் எலும்பும் தோலுமாக வந்தவருக்கு முதல் நாளே பெருந்தீனி கொடுப்பது ரத்தத்தின் பாஸ்பேட் அளவைத் திடீரென்று சரித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு உணவை மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் தெம்பு வரும் என்ற நம்பிக்கைக்கு ஒரு கணக்கு போதும். வழக்கமாக ஏற்றும் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு இட்லியின் கலோரி, புரதம் துளியும் இல்லை. தசைக்குக் கரண்ட் வைப்பது, தானாகத் தசையை இயக்கவே முடியாதவருக்கு இடைக்கால உதவியாகலாம். எழுந்து நிற்க முடிகிறவருக்கு அது நாற்காலிப் பயிற்சிக்கு ஈடில்லை.

என் தேர்வு

ஆகவே நானாக இருந்தால் முடிவை நோயின் பெயரை வைத்தல்ல, ஒரு நாற்காலியை வைத்து எடுப்பேன். பின்னால் சுவர் இருக்கும்படி உறுதியான மர நாற்காலியைப் போட்டு, அருகில் ஒருவர் நின்றுகொண்டு, கைகளை மார்பில் கட்டியபடி எழச் சொல்வேன். அழுத்தினால் வளையும் பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு ஆகாது. ஒரு முறையாவது எழுந்துவிட்டார், நடக்கும்போது ஆக்சிஜன் 90க்குக் கீழே போகவில்லை என்றால், வீட்டிலேயே பயிற்சி, பத்து நாளுக்கு ஒரு முறை மட்டும் இயன்முறை மருத்துவர், மிச்சப் பணம் முழுவதும் உணவுக்கு. கையூன்றினால்தான் எழுகிறார் என்றால், முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் இயன்முறை மருத்துவரை வீட்டுக்கு வரவழைப்பேன், மற்ற நாட்களின் பயிற்சிக்கு வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குவேன். கையூன்றியும் எழவில்லை, அல்லது வீட்டிலும் ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்றால், மையத்தைத் தவிர்க்கக் கூடாது.

முன்னேற்றத்தை எடைக்கருவியிடம் கேட்பது ஏமாற்றும். திரும்பி வரும் முதல் கிலோக்கள் பெரும்பாலும் கொழுப்பும் நீருமாக இருக்கலாம். அதே நாற்காலியில் ஐந்து முறை எழுந்து அமர எத்தனை வினாடி ஆகிறது என்று ஞாயிறுதோறும் பார்த்து நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்ல அளவுகோல். ஆசியர்களுக்காக 2019இல் வகுக்கப்பட்ட வரையறையில் 12 வினாடியும் அதற்கு மேலும் தசை வலுக்குறைவின் அறிகுறி. கெண்டைச் சதையின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33க்கும் கீழே இருப்பதும் அப்படியே. நான்கு வாரம் ஒழுங்காக உண்டு, பயிற்சி செய்தும் அந்த வினாடிகள் குறையவில்லை என்றால், பயிற்சியைக் கூட்டாமல் மருத்துவரிடம் திரும்ப வேண்டும்: நரம்புப் பாதிப்பு, கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி குறைவு, ஒளிந்திருக்கும் காசநோய், வாய்விட்டுச் சொல்லாத மனச்சோர்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அங்கே இருக்கக்கூடும். நாட்காட்டியில் குறித்த எண்களை அப்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.